ஓ.பி.யில் குடி, புகையிலை பற்றிக் கேட்க ஒரு குழுவை அமைப்பது எப்படி? சேலத்துச் சிறு மருத்துவமனைகளுக்கு ஒரு வழிகாட்டி

சேலம் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, இரண்டு மூன்று டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் கிளினிக்கிலோ, ஏற்காட்டுப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருகிற எல்லோருக்கும் நாம் பி.பி. பார்க்கிறோம், சர்க்கரை பார்க்கிறோம். குடி, புகையிலை, கஞ்சா, போதைக்குப் போடும் வலி மாத்திரை பற்றி மட்டும் ஆள்மேல் வாசனை வந்தால்தான் கேட்கிறோம். காலை ஓ.பி.க்கே வாசனையோடு வருகிறவர் ஏற்கெனவே ரொம்ப தூரம் போய்விட்டவர். நாலு வார்த்தையில் திருப்பிவிடக் கூடியவர்கள் அவருக்கு முன்னால் வரிசையில் நின்று, இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வில், குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மீதி 37 பேர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை என்று நினைக்காதீர்கள். வயிற்றெரிச்சல், டி.பி., இறங்காத பி.பி., வண்டியிலிருந்து விழுந்த காயம் என்று அவர்களும் நம்மிடம் வந்து போகிறார்கள். நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கேட்பதற்கான படிவம் உலக சுகாதார நிறுவனத்திடமே இலவசமாக இருக்கிறது. அதை அச்சடித்து மேசைமேல் வைத்துவிட்டால் வேலை நடந்துவிடாது. யார் கேட்பது, எந்த இடத்தில் கேட்பது, ஒருவர் ‘ஆமாம்’ என்று சொன்ன அடுத்த நிமிடம் அவர் யார் கைக்குப் போகிறார் என்பதை முடிவு செய்யும் ஒரு குழு வேண்டும். அது இல்லாத இடத்தில் படிவம் ஒரு மாதம் ஓடும், அப்புறம் அலமாரிக்குப் போய்விடும்.

முதலில் ஆட்கள்

பெரிய குழு வேண்டாம். நான்கைந்து பேர் போதும், ஆனால் சரியான நான்கைந்து பேராக இருக்க வேண்டும்.

டாக்டர் ஒருவர் கட்டாயம். அவர் எல்லோரிடமும் கேள்வி கேட்கப் போவதில்லை. படிவத்தின் பதில்களுக்கு நர்ஸ் எழுதிவைத்த மதிப்பெண்ணைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது நோயாளியிடம் பேசுவேன் என்று ஒப்புக்கொள்கிறவராக இருந்தால் போதும். டாக்டர் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டால், மூன்றாம் நாளே நர்ஸ் கேட்பதை நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது, பி.பி. பார்க்கும் சிஸ்டர். இந்த வேலையின் முதுகெலும்பு அவர்தான். மூத்தவர், இளையவர் என்று பார்க்காதீர்கள். வயதானவர்களும் வாலிபர்களும் யாரிடம் நின்று பேசுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவரைக் கூப்பிடுங்கள்.

மருந்தாளுநரைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிற பையன் முதலில் அவர் கண்ணில்தான் படுவான். ‘வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்க ஏதாவது மாத்திரை குடுங்க’ என்று அழுதுகொண்டு நிற்கும் அக்காக்களும் அவரிடம்தான் வருவார்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையை ஒருவருக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்தால் பி.பி. இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த அக்காவைத் திட்டி அனுப்பாமல் குழுவிடம் அழைத்துவரத் தெரிந்த மருந்தாளுநர் ஒரு குடும்பத்தையே உள்ளே கொண்டுவந்துவிடுவார்.

ஓ.பி. சீட்டு போடுகிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் எப்போது அதிகம், யாரை எங்கே உட்கார வைக்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். அரசு நிலையமாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலரும் வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே போய் பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள். ஓ.பி.க்கு வராமல் நின்றுபோனவரின் வாசலுக்குப் போகக் கூடியவர்கள் அவர்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆற்றுப்படுத்துநர் இருந்தால் அவரையும் கேளுங்கள். வெட்கப்படும் விஷயங்களைக் கூச்சமில்லாமல் கேட்க அவருக்கு ஏற்கெனவே பயிற்சி உண்டு.

இன்னொருவரைச் சேர்க்கச் சொல்வேன்: குடியை விட்டுச் சில வருடங்களான உள்ளூர்க்காரர் ஒருவர். அவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியதில்லை. நோயாளிகளின் விவரம் எதையும் அவரிடம் காட்டவும் கூடாது. உங்கள் கேள்விகளை அவர் முன்னால் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். எந்த வார்த்தை சுடும், எந்த இடத்தில் ஆள் பொய் சொல்வார் என்பதை அவர் உடனே சொல்லிவிடுவார்.

முதல் கூட்டத்தில் புள்ளிவிவரம் எதுவும் வேண்டாம். ‘குடிக்கிறவர்களைப் பற்றி நமக்கு உண்மையில் என்ன தோன்றுகிறது?’ என்று மட்டும் பேசுங்கள். ‘இதெல்லாம் திருந்தாத ஜென்மம்’ என்று யாராவது சொல்வார். சொல்லட்டும். அந்த அறையிலேயே அப்பா குடித்துச் செத்தவர் இருப்பார், கணவர் இன்றும் குடிக்கிறவர் இருப்பார், தானே மாலையில் ஹான்ஸ் வைக்கிறவரும் இருக்கலாம். யாரையும் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆனால் வீட்டில் அந்த ரணம் இருக்கிற ஒருவரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கும் வேலையைத் தருமுன், ‘உங்களால் முடியுமா, வேறு வேலை எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்று தனியாகக் கேளுங்கள்.

ஆமாம் என்று சொன்னவர் எங்கே போவார்?

இதை முடிவு செய்யாமல் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். நம்பி உண்மையைச் சொன்னவரை ‘சரி, போங்க’ என்று அனுப்பினால், அடுத்த முறை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

குழுவில் ஒருவர் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, உங்கள் ஊருக்கு என்று ஒரு பக்கக் குறிப்பைத் தயார் செய்யட்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஓ.பி. எந்த நாட்களில், எத்தனை மணிவரை, எந்தக் கட்டடத்தில்? மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் உங்கள் பக்கத்துத் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார்? குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் பக்கத்தில் எங்கே, எப்போது நடக்கிறது? தனியார் மறுவாழ்வு மையத்தின் பெயரைச் சேர்ப்பதாக இருந்தால் உரிமம் இருக்கிறதா, டாக்டர் இருக்கிறாரா, ஆளைக் கட்டிப்போடுகிற இடமா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். போன் எண்களில் மூன்று போதும்: மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, புகையிலையை விட 1800-11-2356.

போகிற இடத்தில் ஒரு நபரின் பெயர் தெரிந்திருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ‘ஜி.ஹெச். போங்க’ என்றால் அந்தக் கூட்டத்தைப் பார்த்தே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். ‘செவ்வாய்க்கிழமை போய் இந்த சிஸ்டரைப் பாருங்க, நான் போன் பண்ணிச் சொல்லிவைக்கிறேன்’ என்றால் போவார்கள்.

கேள்விகளும் குவாட்டர் கணக்கும்

மதுவுக்கு ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது. அதில் முதல் மூன்றை மட்டும் எடுத்தால் ஆடிட்-சி. எல்லோரிடமும் அந்த மூன்றைக் கேளுங்கள். மொத்தம் 12 மதிப்பெண். ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3, அல்லது அதற்கு மேல் வந்தால் மீதி ஏழையும் கேளுங்கள். பல பொருட்களைச் சேர்த்து விசாரிக்க அசிஸ்ட் என்ற படிவம் உண்டு. அது நீளம், ஆரம்பத்தில் வேண்டாம். புகையிலைக்கும் மற்றவைக்கும் ஒவ்வொரு நேர்க் கேள்வி போதும்: ‘பீடி, சிகரெட், ஹான்ஸ், கூல் லிப், வெத்தலையோட புகையிலை, ஏதாவது உண்டுங்களா?’, ‘கஞ்சா, இல்லை போதைக்காக மாத்திரை, ஊசி எப்பவாவது?’

ஆடிட்-சியில் எல்லோரும் தடுக்கி விழுவது இரண்டாவது கேள்வியில். ஒரு நாளில் எத்தனை ‘அளவு’ குடிப்பீர்கள் என்று அது கேட்கிறது. ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால். இதை நோயாளியிடம் சொன்னால் ஒன்றும் புரியாது, சொல்லவும் வேண்டாம். அவர் டாஸ்மாக் கணக்கில் சொல்லட்டும், நாம் மாற்றிக்கொள்வோம். 30 மில்லி பிராந்தியோ ரம்மோ ஓர் அளவு. ஆகவே 180 மில்லி குவாட்டர் 6 அளவு, ஆஃப் 12 அளவு. 650 மில்லி பீர், 5 சதவீதம் என்றால் இரண்டரை அளவு, 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 4 அளவு. இந்தக் கணக்கை ஓர் அட்டையில் எழுதி பி.பி. மெஷின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மூன்றாவது கேள்வி ஒரே வேளையில் 6 அளவோ அதற்கு மேலோ எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது. அதாவது ஒரு குவாட்டரோ அதற்கு மேலோ.

ஓர் உதாரணம். வெள்ளிப் பட்டறையில் வேலை பார்க்கிறவர், சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஒரு குவாட்டர், மற்ற நாளில் தொடுவதில்லை. ‘வாரத்துக்கு ஒரு நாள்தானுங்க’ என்பார். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற முதல் கேள்விக்கு, மாதம் நாலு தடவை, 2 மதிப்பெண். இரண்டாவதுக்கு, 6 அளவு, 2. மூன்றாவதுக்கு, வாரம் ஒருமுறை, 3. மொத்தம் 7. இவரை நாம் குடிக்கிறவர் கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டோம். நாலு வார்த்தை பேசினால் அதிகப் பயன் இவரைப் போன்றவருக்குத்தான்.

சாராயத்துக்கு இந்தக் கணக்கு எடுபடாது, அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கேட்காமல் விடாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களில் பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். குடித்த மறுநாள் கண் மங்கல், வாந்தி, வயிற்றுவலி என்று யார் வந்தாலும் கேள்வித்தாளை ஓரம் வைத்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

பத்துக் கேள்வியும் முடிந்த பிறகு: 8 முதல் 15 வரை என்றால் சுருக்கமான அறிவுரை. 16 முதல் 19 என்றால் உட்கார வைத்துப் பேசி, தேதி கொடுத்து மறுபடி வரவழைப்பது. 20 அல்லது அதற்கு மேல் என்றால் மனநல டாக்டரிடம். 8-க்குக் கீழே வந்தவரிடமும், நம் சனிக்கிழமைக்காரரைப் போல முதல் மூன்றிலேயே மாட்டியவரானால், ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

கேட்கும் விதம்

நர்ஸ்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, ஒருவர் நோயாளியாக நடிக்க, சத்தமாகச் சொல்லிப் பழக வையுங்கள். படித்துப் புரிந்துகொள்வதும் வாயில் வருவதும் வேறு வேறு. எங்கள் பக்கம் எடுபடுகிற மாதிரி ஒன்று:

‘அண்ணா, இங்க வர்ற எல்லார்கிட்டயும் பி.பி. பாக்கிற மாதிரி சில கேள்வி கேக்கறோமுங்க. மாத்திரை சரியாக் குடுக்கணுமில்ல, அதுக்குத்தான். பீர், பிராந்தி, சாராயம், எதுவா இருந்தாலும் சரி, போன ஒரு வருசத்துல எத்தனை நாளைக்கு ஒருக்கா எடுப்பீங்க?’

‘குடிப்பீங்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பது சுலபம். ‘எத்தனை நாளைக்கு ஒருக்கா?’ என்றால் குடிக்காதவர் ‘நமக்கு அந்தப் பழக்கமில்லைங்க’ என்று சிரித்துவிட்டுப் போவார், குடிக்கிறவருக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். மாத்திரைக்காக என்று சொல்வதும் உண்மையே. மெட்ரோனிடசோல் எழுதும்போதும், டி.பி. மருந்து கொடுக்கும்போதும், மெட்ஃபார்மின் கொடுக்கும்போதும் குடியைப் பற்றித் தெரிந்தே ஆக வேண்டும்.

பெண்களிடமும் கேளுங்கள். ‘அம்மாகிட்ட இதையெல்லாம் கேக்கறதா?’ என்று தயங்கி விட்டுவிடுவதால்தான் புகையிலையால் வாய்ப்புண் வந்த பாட்டிகள் தாமதமாகத் தெரிய வருகிறார்கள்.

துணைக்கு வந்தவர் காதில் விழக் கூடாது. தனி அறை இல்லையென்றால் ஒரு திரை, அதுவும் இல்லையென்றால் பி.பி. மேசையை வரிசையிலிருந்து பத்தடி தள்ளிப் போடுங்கள். சீட்டில் ‘குடிப்பவர்’ என்று எழுதாதீர்கள். ஓரத்தில் எண்ணை மட்டும் எழுதினால் போதும், அது என்னவென்று குழுவுக்குத் தெரியும். கஞ்சா, மாத்திரை விஷயத்தில் ‘போலீசுக்குப் போய்விடுமா?’ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைக்கும் பொருந்தும், அதில் ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை. 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சொந்தப் பயன்பாடு அல்லது சிறிய அளவு தொடர்பான வழக்கில் மாட்டியவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை முழுவதும் எடுத்தால் அவரைக் குற்ற வழக்கிலிருந்து காக்கிறது. இதைக் குழுவில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். விபத்து, அடிதடி என்று வருகிறவருக்குச் சட்டப்படி எழுத வேண்டிய பதிவு வேறு. அதை எழுதுகிறவரே அதே நேரத்தில் இந்தக் கேள்விகளையும் கேட்டால் நம்பிக்கை போய்விடும். ஆளையும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள்.

அறிவுரை என்பது பிரசங்கம் அல்ல, ஐந்து நிமிடப் பேச்சு. எண்ணைச் சொல்லுங்கள், அது அவருடைய இன்றைய தொந்தரவோடு எப்படிச் சேர்கிறது என்று சொல்லுங்கள், ‘குறைக்கலாம்னு எப்பவாவது தோணியிருக்குங்களா?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வரக் கொஞ்ச நேரமாகும். என்ன செய்யலாம் என்பதை அவரே சொல்லட்டும். சனிக்கிழமை நேராக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடுகிறேன் என்பார் ஒருவர், கூலியை வீட்டில் கொடுத்துவிடுகிறேன் என்பார் இன்னொருவர். அதைச் சீட்டில் எழுதி அடுத்த முறை விசாரியுங்கள்.

‘இன்றோடு நிறுத்துங்கள்’ என்று யாரிடம் சொல்லக் கூடாது

தினமும் நிறையக் குடிக்கிறவரிடம், காலையில் கை நடுக்கத்தை அடக்கவே ஒரு கட்டிங் போடுகிறவரிடம் அப்படிச் சொல்லவே கூடாது. குழுவில் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆளே தெரியாமல் பேசுவது, இல்லாததைப் பார்ப்பது எல்லாம் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரும் போகலாம். டாக்டர் மேற்பார்வையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும்.

நம் ஊரில் இது நடக்கிற காலங்கள் தெரிந்தவைதான். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துவார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்துவார்கள். கால் முறிந்து வார்டில் படுத்தவர், கடை கிட்டே இல்லாததால் நின்றுவிடுவார். மூன்றாம் நாள் ராத்திரி அவர் உளறினால் ‘காத்து கருப்பு’ என்று உறவினர்கள் பயப்படுவார்கள். விரதத்தை யாரும் தடுக்க வேண்டாம், நல்ல மனசோடு எடுத்த முடிவு அது. ஐப்பசியிலேயே ‘மாலை போடப் போறீங்களா? பத்து நாள் முன்னாடியே வந்து டாக்டரைப் பாத்துடுங்க’ என்று சொல்லிவையுங்கள். இன்னொன்று: நிறையக் குடித்துச் சாப்பிடாமல் கிடந்தவர் ‘குளுக்கோஸ் போடுங்க’ என்று வருவார். முதலில் தையமின் (வைட்டமின் பி1) ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். மாறிப்போனால் மூளையைப் பாதிக்கும். இந்த வரியைச் சிகிச்சை அறைச் சுவரில் ஒட்டுங்கள்.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறியபின் கணக்கே வேறு. ஏற்காட்டிலிருந்து ஒருவரைச் சேலத்துக்கு அனுப்புவது என்றால் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, கூட வருகிறவரின் கூலியும் போகும். உள்கிராமமாக இருந்தால் பஸ் நிற்கும் இடத்துக்கு வரவே நடக்க வேண்டும். ஆகவே மலையில் அனுப்புவதைக் குறைத்து, அங்கேயே செய்வதைக் கூட்டுங்கள். 20 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தவரைத் தவிர மற்றவர்களை நீங்களே தொடர்ந்து பாருங்கள். மனநல டாக்டரோடு போனில் பேசி மருந்து விஷயத்தை உங்கள் டாக்டரே பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள், ஆட்கள் வர மாட்டார்கள். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான், ஆனால் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் அதிகம் பேச மாட்டார்கள். அவர்கள் ஊரிலிருந்தே வருகிற தன்னார்வலரோ செவிலியரோ கேட்டால் பேச்சு வரும். அதே காரணத்தால் ரகசியம் இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எஸ்டேட் ரைட்டரோ மேஸ்திரியோ ஆளைக் கூட்டிவந்து ‘இவன் குடிக்கிறானா, பாத்துச் சொல்லுங்க’ என்று கேட்டால், மரியாதையாக வெளியே உட்காரச் சொல்லுங்கள். எண்ணை அவரிடம் சொல்லாதீர்கள். ஒருவருடைய வேலை அதனால் போனால், அந்த எஸ்டேட்டிலிருந்து இனி யாரும் உங்களிடம் உண்மை பேச மாட்டார்கள்.

சின்னதாக ஆரம்பித்து எண்ணிக்கொண்டே போங்கள்

ஒரு சிஸ்டர், ஒரு டாக்டர், சர்க்கரை பி.பி. நோயாளிகள் வரும் ஒரு கிழமை. அவ்வளவில் ஆரம்பியுங்கள். முதல் நாள் முடிந்ததும் நின்றுகொண்டே பேசுங்கள்: எந்தக் கேள்வி சிக்கியது, எவ்வளவு நேரம் பிடித்தது? மாற்றி அடுத்த வாரம் பாருங்கள். வேலை தானாக ஓட ஆரம்பித்த பிறகு இன்னொரு கிழமை, இன்னொரு சிஸ்டர்.

நோட்டில் ஐந்து எண்கள் போதும்: வந்த பெரியவர்கள், கேட்கப்பட்டவர்கள், மதிப்பெண் கூடியவர்கள், அறிவுரை பெற்றவர்கள், அனுப்பிய இடத்துக்கு உண்மையில் போய்ச் சேர்ந்தவர்கள். கடைசி எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். போன் செய்து கேட்டால்தான் அது தெரியும், அதற்கு ஒருவர் பெயரை ஒதுக்குங்கள். இரண்டாவது, மூன்றாவது எண்ணும் பேசும். முன்பு சொன்ன அதே தேசிய ஆய்வில் ஆண்களில் 27.3 சதவீதம் பேர் மது எடுப்பதாகத் தெரிந்தது. உங்கள் நோட்டில் நூறு ஆண்களில் இரண்டு பேர்தான் ‘ஆமாம்’ சொல்லியிருந்தால் ஊர் திருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. கேள்வி அவசரமாக, அல்லது எல்லோர் காதிலும் விழும்படி கேட்கப்படுகிறது. அந்த சிஸ்டரைக் கடிந்துகொள்ளாமல் ஒரு காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

விட்டுவிட்டு மறுபடி குடித்துவிட்டு வருகிறவரைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். சர்க்கரை ஏறி வந்தவரைத் துரத்துவதில்லையே. நேராக நம்மிடம் வந்திருக்கிறார் என்பதே பெரிய விஷயம். தேதி போட்டுக் கொடுத்து அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.

அரசு நிலையத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். டாக்டர் மேல்படிப்புக்குப் போவார், சிஸ்டருக்கு ஆத்தூரோ மேட்டூரோ மாறுதல் வரும். அதனால் ஆரம்பத்திலிருந்தே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் பழகியிருக்க வேண்டும். குவாட்டர் கணக்கு அட்டை, கேள்வி கேட்கும் வாசகம், அனுப்பும் இடங்களின் பக்கம், தையமின் வரி, இந்த நான்கையும் ஒரே கோப்பில் வைத்து, புதிதாக வருகிறவருக்குச் சேர்ந்த முதல் நாளே கொடுத்துவிடுங்கள். போன் எண்களையும் ஓ.பி. நாட்களையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையும் அந்தக் கோப்பிலேயே ஒருவர் பெயரில் எழுதப்பட்டிருக்கட்டும்.